வாக்கியத்தின் வால்

தமிழில் பேச்சைப் பற்றி எழுதப்பட்டிருப்பவை ஏறக்குறைய எல்லாமே மேடைப் பேச்சைப் பற்றியவை. குரலை எங்கே ஏற்றுவது, எங்கே நிறுத்திக் கைதட்டலுக்கு இடம் விடுவது, அடுக்குத் தொடரை எப்படி அவிழ்ப்பது என்பதெல்லாம் நமக்குக் கைவந்த சரக்கு. ஒரு சமூகமே பல பத்தாண்டுகள் இரவில் திடலில் உட்கார்ந்து பேச்சுக் கேட்டிருக்கிறது. ஆனால் மேடைப் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. கைதட்டல் உண்டு, விசில் உண்டு, எப்போதாவது செருப்பு உண்டு. கேட்டவனுக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்பதை அவன் பேசியவனுக்குத் திருப்பிச் சொல்ல அங்கே ஏற்பாடு இல்லை. அதற்கு அவசியமும் இல்லை என்றுதான் இரு தரப்பும் நினைத்தன.

வேலையிடத்துப் பேச்சு வேறு ஜாதி. அதில் அழகு இல்லை, இருக்க வேண்டியதும் இல்லை. ஒருவன் சொல்கிறான்; இன்னொருவன் அதைக் கேட்டு ஒரு காரியம் செய்கிறான் அல்லது செய்யாமல் இருக்கிறான். வள்ளுவர் இதை யோசித்திருப்பதாகத் தோன்றுகிறது. சொல்வன்மை என்ற 65ஆம் அதிகாரத்தை அவர் அமைச்சனுக்கு உரியதாக வைக்கிறார். கேள்வி என்ற 42ஆம் அதிகாரத்தை அரசனுக்கு. கீழே இருப்பவன் சொல்லத் தெரிந்தவனாக இருக்க வேண்டும், மேலே இருப்பவன் கேட்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்று நான் இந்த வைப்புமுறைக்குப் பொருள் கொள்கிறேன். உரைகாரர்கள் ஒப்புவார்களா என்பது வேறு விஷயம். நாம் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒருவன் சொன்னது போய்ச் சேரவில்லை என்றால் அவனுக்குப் பேசத் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இந்த முடிவை எனக்குச் சந்தேகத்துக்குரியதாக்கியது ஒரு பஞ்சாலை. கோவைப் பக்கத்தில் அது இருந்தது. 1980களில் சில ஆண்டுகள் அதன் மின்பிரிவில் ஷிப்ட் குறிப்பேடு எழுதுகிறவனாக இருந்தேன். எந்த மோட்டார் எப்போது நின்றது, யார் நிறுத்தச் சொன்னார்கள், எப்போது திரும்பப் போட்டார்கள் என்று எழுதுவது என் உத்யோகம். அதாவது, பிறர் பேசுவதைக் கேட்டு எழுதுவதற்குச் சம்பளம் வாங்கினேன். ரிங் ஃபிரேம்கள் ஓடும் ஹாலிலிருந்து பேனல் அறைக்கு டெலிபோனில் வரும் பேச்சை இன்று நினைத்தாலும் காது இறுகுகிறது. குரல் வரும், சொல் வராது. சொல் வந்தால் அதன் கடைசி எழுத்து வராது.

சம்பவம் சின்னது. திருநெல்வேலிப் பக்கத்து வயர்மேன் ஒருவர் இருந்தார். வயதில் பெரியவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. ஒரு மோட்டாரைத் திறந்து பார்ப்பதற்கு முன் ஹாலிலிருந்து கூப்பிட்டு, "மூணாம் நம்பர் ஆஃப் பண்ணியாச்சா?" என்று கேட்டார். பேனலில் இருந்த ஆபரேட்டர் காதில் விழுந்தது, "மூணாம் நம்பர் ஆஃப் பண்ணியாச்சு." அங்கேயே நிறுத்திவிட்டார் போலிருக்கிறது என்று எண்ணி, "சரி" என்றார். அண்ணாச்சிக்கு அந்தச் சரி, ஆமாம் ஆஃப் பண்ணியாச்சு என்ற பதிலாகப் போய்ச் சேர்ந்தது. இருவருக்கும் திருப்தி. லைனில் 415 வோல்ட்.

அண்ணாச்சி பிழைத்ததற்குக் காரணம் யாருடைய பேச்சும் இல்லை. தொடுவதற்கு முன் டெஸ்டரை வைத்துப் பார்ப்பது அவர் பழக்கம். யார் எத்தனை முறை ஆஃப் என்று சொல்லியிருந்தாலும் வைத்துப் பார்ப்பார். வைத்தார், டெஸ்டர் எரிந்தது. ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு நடந்தே பேனல் அறைக்கு வந்தார்.

விசாரணை நடந்தது. விசாரித்த அதிகாரி சொன்ன தீர்ப்பு இது: "இவர் பேசறது இங்கே யாருக்குமே புரியறதில்லே. முதல்லே சுத்தமாப் பேசக் கத்துக்கச் சொல்லுங்க." தன் பழக்கத்தால் தன் உயிரைக் காப்பாற்றிக்கொண்ட மனிதர், தன் நாக்குக்காகக் குற்றவாளியானார். அதன்பின் பல வாரங்கள் அவர் டெலிபோனைத் தொடவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஹாலின் கோடியிலிருந்து நடந்து வந்து, பியூஸ் கேரியரைத் தன் கையாலேயே பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பிப் போவார். வேலை முடிந்ததும் அதே மாதிரி நடந்து வந்து மாட்டுவார். பேச்சு தேவையில்லாத ஏற்பாடு. பாதுகாப்பானதும்கூட. ஆனால் ஒரு மனிதர் பேசுவதை நிறுத்திவிட்டார் என்பதும் உண்மை. எந்த இடத்தில் தீப்பொறி வருகிறது, எந்த மோட்டார் சூடாகிறது என்று போகிற வருகிற வழியில் அவர் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் நின்றுபோயிற்று. என் குறிப்பேட்டில் அந்த வாரங்களின் பக்கங்கள் மெலிந்திருந்தன.

சுத்தமாகப் பேசு என்பது நம்மூரில் சாதாரண வார்த்தை இல்லை. பேச்சு எந்த ஊர் என்று காட்டுகிறது. எந்தத் தெரு என்று காட்டுகிறது. எந்த ஜாதி என்றும் காட்டிவிடுகிறது. ஒருவன் பேசும் விதத்தைத் திருத்துகிறவன் அவன் அம்மாவைத் திருத்துகிறான். பள்ளிக்கூடத்தில் வாய்திறந்த மறுகணம் வகுப்பே சிரித்த அனுபவம் உள்ளவர்கள் இதைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் என்று நான் எண்ண வேண்டியதில்லை. ஆகவே பேச்சைப் பற்றி எதுவும் சொல்லாமல் விடுவதே நாகரிகம் என்று நம்மில் நல்ல மனசுக்காரர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். அந்த நாகரிகத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது அந்த டெஸ்டர் இல்லாத இடத்தில் ஆளைக் கொல்லும்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழியை எங்கள் ஃபோர்மேன் கண்டுபிடித்தார். கொங்குநாட்டுக்காரர். அதிகம் படித்தவரில்லை. அவர் அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணாச்சி, நீங்க கேட்டது எனக்குக் கேள்வியா வரலீங். சொன்ன மாதிரி வந்துச்சுங். எங்கே போயிடுச்சுன்னு பாக்கலாமுங்களா?"

பார்த்தோம். ஒரு தாளில் பத்து வாக்கியங்கள். எல்லாம் அன்றாடம் பேசுகிறவை. அரை நைட் ஷிப்டில், இயந்திரங்கள் முழுச் சத்தத்தில் ஓடும்போது அண்ணாச்சி ஹாலிலிருந்து அவற்றைச் சொன்னார். பேனல் அறையில் காதில் விழுந்ததை விழுந்தபடி நான் எழுதினேன். பிறகு ஆபரேட்டர் ஹாலுக்குப் போனார். அண்ணாச்சி இங்கே உட்கார்ந்து கேட்டார். கடைசியில் ஜூனியர் என்ஜினீயரையும் ஃபோர்மேன் விடவில்லை. அவர் பட்டணத்துக்காரர். ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி சுத்தமாகப் பேசுவார். அண்ணாச்சியின் பத்தில் நான்கு தப்பாக வந்திருந்தது. ஆபரேட்டரின் பத்தில் நான்கு. என்ஜினீயரின் பத்தில் மூன்று. தாள்களை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோருடைய வாக்கியமும் ஒரே இடத்தில் உடைந்திருந்தது. வாலில்.

இது தமிழின் சுபாவம். நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது. கேள்வியா பதிலா என்பது வினைக்கும் கடைசியில் வருகிறது. பண்ணியாச்சு, பண்ணியாச்சா. தெரியும், தெரியுமா. போடலாம், போடலாமா. ஓர் உயிரெழுத்துத்தான் வித்தியாசம். இன்னும் மோசமானது வேணும், வேணாம். செய் என்பதற்கும் செய்யாதே என்பதற்கும் நடுவில் ஒரு குறிலும் ஒரு நெடிலும். ஆங்கிலத்தில் மறுப்பு வினைக்கு முன்பே வந்து நின்றுவிடுகிறது. நமக்கு வாக்கியம் முழுக்க ஓடி முடிந்த பிறகுதான் அது ஆமா இல்லையா என்பது தெரியும். அந்த இடத்தில்தான் மூச்சு தீர்கிறது. போதாததற்கு, பெரியவர்கள் முன்னால் குரலைத் தாழ்த்துவது நமக்கு மரியாதை. வாக்கியத்தை ஆரம்பிக்கிற தைரியம் எல்லோருக்கும் இருக்கிறது. முடிக்கும்போது குரல் தரையைப் பார்க்கிறது. ஆக, மேலே இருப்பவரிடம் பேசும் பேச்சில் எது தீர்மானமான எழுத்தோ அதுதான் மிகவும் சன்னமாக வருகிறது.

இது தெரிந்ததும் பரிகாரம் சுலபமாயிற்று. அண்ணாச்சியே கண்டுபிடித்தார். வாலில் இருந்ததைத் தலைக்குக் கொண்டுவந்தார். "கேக்கேன்" என்று முதலில் சொல்வார், ஒரு மூச்சு விடுவார், பிறகு, "மூணு ஆஃபா?" தகவல் என்றால், "சொல்லுதேன். மூணு ஆஃப்." கவனிக்க வேண்டும்: கேக்கேன், சொல்லுதேன். அவர் ஊர்ப் பேச்சில் ஓர் எழுத்து மாறவில்லை. எந்தப் பேச்சு யாருக்கும் புரியாது என்று சொல்லப்பட்டதோ அந்தப் பேச்சிலேயே அந்த அறையின் மிகத் தெளிவான வாக்கியங்கள் பேசப்பட்டன. சில மாதங்களில் கொங்குக்காரர்களும் டெலிபோனில் கேக்கேன், சொல்லுதேன் என்று ஆரம்பித்தார்கள். என்ஜினீயர் மட்டும் கடைசிவரை "கேட்கிறேன்" என்றே சொன்னார். அதனாலும் நஷ்டம் ஒன்றுமில்லை.

இன்னொன்றும் செய்தார் ஃபோர்மேன். "சரி" என்ற வார்த்தையை டெலிபோனில் தடை செய்தார். யோசித்துப் பார்த்தால் தமிழில் இதைப்போல் ஆபத்தான சொல் வேறில்லை. காதில் விழுந்தது என்பதும் சரி. புரிந்தது, ஒப்புக்கொள்கிறேன், செய்கிறேன், தொந்தரவு செய்யாதே, போனை வை – எல்லாம் சரி. அதற்குப் பதிலாக, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "மூணு ஆன்ல இருக்கு." அவ்வளவுதான்.

எனக்கும் அவரிடமிருந்து ஒரு தகவல் கிடைத்தது. "தம்பி, நீங்க ஃபோன்ல பேசறப்ப 'வந்து', 'போயி', 'பாத்துட்டு'ன்னு அடுக்கிட்டே போறீங். முடியறப்ப மொதல்ல சொன்னது எங்கிட்ட இல்லீங்." வினையெச்சங்களைப் பற்றி இவ்வளவு கச்சிதமான இலக்கண விமரிசனத்தை நான் எங்கும் படித்ததில்லை. நான் நன்றாகப் பேசுகிறேன், மோசமாகப் பேசுகிறேன் என்று எதுவும் அதில் இல்லை. தன் கையில் என்ன மிஞ்சியது என்று சொன்னார். அதன்பின் டெலிபோனில் ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினை என்று வைத்துக்கொண்டேன்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு டெனரீஃப் விமான விபத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த பேனல் அறைதான் ஞாபகம் வந்தது. 1977 மார்ச் 27. கானரித் தீவுகளில் ஒன்றின் விமான நிலையம், மூடுபனி, ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள். கே.எல்.எம். விமானத்தின் துணை விமானி, தாங்கள் இப்போது 'டேக்-ஆஃப்'பில் இருப்பதாக ரேடியோவில் சொன்னார். கிளம்பத் தயாராக இருக்கிறோம் என்றும் கொள்ளலாம். கிளம்பிவிட்டோம் என்றும் கொள்ளலாம். நாம் பஸ்ஸில் பாதி வழியில் இருந்துகொண்டு "இதோ வந்துட்டேன்" என்கிறோமே அந்த மாதிரி. கட்டுப்பாட்டு அறையிலிருந்து வந்த பதிலின் முதல் சொல் 'ஓகே'. அதாவது சரி. அதைத் தொடர்ந்து காத்திருக்கச் சொன்ன பகுதி, அதே கணத்தில் பான் ஆம் விமானம் பேசியதால் ஒரு கீச்சொலியில் அமுங்கிப்போயிற்று. பாதையில் அந்த இன்னொரு விமானம் இன்னும் இருக்கிறதோ என்று கே.எல்.எம். விமானத்தின் ஃபிளைட் என்ஜினீயர் சந்தேகமாகக் கேட்டார். அந்தக் கம்பெனியின் மிக மூத்த விமானிகளில் ஒருவரான கேப்டன் அழுத்தமாக ஒரு பதில் சொன்னார். என்ஜினீயர் மேற்கொண்டு பேசவில்லை. 583 பேர் இறந்தார்கள்.

பேசியவர் டச்சுக்காரர், கேட்டவர் ஸ்பானியர், பேசிய பாஷை ஆங்கிலம். உச்சரிப்பைத் திருத்துங்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அதற்குமேலும் செய்தார்கள். டேக்-ஆஃப் என்ற சொல்லை அனுமதி கொடுக்கும்போதோ அதை ரத்து செய்யும்போதோ தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்றாயிற்று. அனுமதியைப் பெறுகிறவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வெறும் ஓகே போதாது. எங்கள் ஃபோர்மேன் டெனரீஃப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை.

மறு வருஷம், 1978 டிசம்பரில், அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஒரு விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். சக்கரக் கோளாறு ஒன்றில் கேப்டன் மூழ்கியிருந்தபோது எரிபொருள் குறைவதைக் கூட இருந்தவர்கள் கவனித்துத்தான் இருந்தார்கள். கேப்டன் காதில் உறைக்கும்படி அது சொல்லப்படவில்லை. 1979ல் நாசா இதற்கென்றே ஒரு பட்டறை கூட்டியது. விமானி அறையில் யார் யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்ற பயிற்சி அதிலிருந்து பிறந்தது. ஷார்லட் லிண்டே என்ற மொழியியலாளர் 1988ல் வெளியிட்ட ஆய்வு, கீழ்நிலையில் இருப்பவர்கள் தங்கள் பேச்சை அதிகம் பூசி மெழுகுகிறார்கள் என்பதையும், மெழுகிய யோசனை காரியமாவது குறைவு என்பதையும் காட்டியது. நமக்கு இது புதிதில்லை. "கொஞ்சம் பாத்துக்கலாமா ஸார்" என்று நாம் சொல்லும்போது நெருப்புப் பிடித்திருக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம்.

பின்னாளில் வேறொரு ஆபீஸில், சம்பாஷணைத் திறன் கற்றுத்தர ஒரு பயிற்சியாளர் வந்தார். குரல், பார்வை, கையசைவு, தன்னம்பிக்கை என்று கட்டம் போட்ட தாளைக் கொடுத்து ஒருவருக்கொருவர் ஒன்று முதல் ஐந்துவரை மார்க் போடச் சொன்னார். எல்லோரும் எல்லோருக்கும் நான்கு போட்டோம். ஒரு பெண்ணுக்கு மட்டும் தன்னம்பிக்கையில் இரண்டு விழுந்திருந்தது. அந்த இரண்டை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? எந்த வாக்கியம், யாருக்கு, எங்கே போய்ச் சேரவில்லை என்று அதில் இல்லை. அடுத்து வந்த கூட்டங்களில் அவள் குறைவாகப் பேசினாள். அண்ணாச்சியின் சட்டைப்பைப் பியூஸ்தான்.

இதைப் பிரத்யேக அனுபவம் என்று ஒதுக்க முடியவில்லை. க்ளூகரும் டினிஸியும் 1996ல், பிறர் சொல்லும் கருத்து ஒருவர் வேலையை எப்படி மாற்றுகிறது என்பது பற்றி அதுவரை வந்திருந்த சோதனைகளைத் தொகுத்து 607 அளவீடுகளைப் பரிசீலித்தார்கள். சராசரியாகப் பார்த்தால் வேலை மேம்பட்டிருந்தது. ஆனால் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவற்றில் வேலை முன்னைவிடக் கெட்டிருந்தது. கவனம் வேலையை விட்டு ஆளின்மேல் திரும்பத் திரும்பப் பயன் குறைகிறது என்பது அவர்கள் கொடுத்த விளக்கம். "உனக்குத் தன்னம்பிக்கை இல்லை" என்பது ஆளின்மேல் விழுகிறது. "கடைசி வார்த்தை எனக்கு வரவில்லை" என்பது வேலையின்மேல் விழுகிறது. இரண்டாவதைச் சொல்வது கஷ்டம். அதற்குக் கேட்கிறவன் உண்மையிலேயே கேட்டிருக்க வேண்டும். மார்க் போடுவதற்கு அது தேவையில்லை.

பழைய தீர்ப்பின் பழக்கம் எளிதில் போவதில்லை. 2019 மே மாதம் மதுரையை அடுத்த திருமங்கலத்துக்கும் கள்ளிக்குடிக்கும் இடையில், ஒற்றைப் பாதையில் இரண்டு பாஸஞ்சர் ரயில்களுக்கு எதிரெதிராக அனுமதி கொடுக்கப்பட்டுவிட்டது, மோதாமல் தப்பின. நிலைய அதிகாரிகளுக்கிடையே நடந்த பேச்சுக் குழப்பம் காரணம் என்று செய்தி. அடுத்த மாதமே, கட்டுப்பாட்டு அறையும் நிலைய அதிகாரிகளும் தங்களுக்குள் ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ பேச வேண்டும் என்று தெற்கு ரயில்வேயில் ஒரு சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் வாபஸ் ஆயிற்று. எதிர்த்தவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. என் கவலை வேறு. லைன் கிளியர் கொடுக்கும்போது ஒரு பிரைவேட் நம்பரும் சேர்த்துக் கொடுத்து, இரு பக்கமும் அதைப் பதிவு செய்துகொள்ளும் வழக்கம் ரயில்வேயில் வெகுகாலமாக உண்டு. பேச்சை மட்டும் நம்பக் கூடாது என்று அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது. அப்படிப்பட்ட ஸ்தாபனத்திலும்கூட, விபத்து என்றதும் எந்த பாஷை என்ற கேள்விதான் முன்னால் வந்தது. என்ன சொல்லப்பட்டது, என்ன கேட்டது, திருப்பிச் சொல்லப்பட்டதா என்பது பின்னால் போய்விட்டது. இன்று டெலிபோன் பேச்சும் குறைந்து வாட்ஸ்ஆப் வந்திருக்கிறது. அனுப்பியதற்குக் கீழே ஒரு கட்டைவிரல் வருகிறது. சரி என்ற வார்த்தைக்குக் கை முளைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் இலக்கியப் பத்திரிகையில் எதற்கு எழுதுகிறேன் என்று கேட்கலாம். நம் விமரிசனத்தில் பெரும்பகுதி அந்த விசாரணை அதிகாரியின் பாஷையில்தான் இருக்கிறது. போலி, பம்மாத்து, இன்னும் பக்குவம் வரவில்லை. அல்லது, அற்புதம், உன்னதம். இவை மார்க்குகள். இவற்றை வாங்கிக்கொண்டு எழுதுகிறவன் ஒன்று வீங்குகிறான், அல்லது பியூஸைப் பையில் போட்டுக்கொண்டு மௌனமாகிறான். இரண்டுக்கும் நம்மிடம் உதாரணங்கள் நிறைய. இந்த வரிவரை வந்தேன், இந்தச் சொல்லில் எனக்கு இது கேட்டது, இந்த இடத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதப்பட்ட மதிப்புரைகளை விரல்விட்டு எண்ணலாம். அது அடக்கமான காரியம். எழுதுகிறவருக்குத் தத்துவம் தெரியும் என்று அதில் காட்டிக்கொள்ள முடியாது. தன் காதை மட்டும்தான் காட்ட முடியும்.

அத்தகைய வாசகன் கிடைத்தால் அவன் சொன்னபடியெல்லாம் திருத்திக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அண்ணாச்சி யாருடைய உச்சரிப்பையும் கற்றுக்கொள்ளவில்லை. தன் வாக்கியம் எங்கே உடைகிறது என்று தெரிந்துகொண்டார். அதை என்ன செய்வது என்பதைத் தானே தீர்மானித்தார். அந்தத் தகவலை அவருக்குக் கொடுக்க ஒரு ஃபோர்மேன் தன் ஷிப்டில் ஒரு மணி நேரம் செலவழித்தார். நம்மில் யார் யாருக்காக அந்த ஒரு மணி நேரத்தைச் செலவழிக்கத் தயார் என்பதுதான் மிச்சமிருக்கிற கேள்வி.